அண்டை வீட்டுத் தணல்



தோட்டத்து லயங்களில் வாழ்ந்த மூத்தவர்களுக்கு ஒரு பழக்கம் நினைவிருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். ஐந்தரைக்குப் பிரட்டுக்கு நிற்க வேண்டும். பார்த்தால் தீப்பெட்டி நமுத்துப் போயிருக்கும். அம்மா ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார். "அக்கா, அடுப்புல தணல் இருந்தா கொஞ்சம் குடுங்க" என்பார். இரண்டு கங்கு சிரட்டையில் வரும். நம் வீட்டு அடுப்பும் எரியும், தேநீரும் கொதிக்கும். கொடுத்த வீட்டில் நெருப்பு எள்ளளவும் குறைந்திருக்காது.

மின்சாரத்தையும் இப்படி அண்டை வீட்டிலிருந்து வாங்கலாம். மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர் நீரிணைக்கு இருபுறமும் இருந்துகொண்டு அதைத்தான் செய்து வருகின்றன. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. தணல் கொடுத்தால் குறையாது. மின்சாரம் கொடுத்தால், கொடுத்தவர் வீட்டில் அந்த அளவு குறையும். ஆகையால் இங்கே அன்பு மட்டும் போதாது, கணக்கும் சரியாக இருக்க வேண்டும். இன்றைய உரையில் நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலில், எதற்காக இப்போது இந்தப் பேச்சு என்று கேட்கலாம். நம் தீபகற்பத்தில் எரியும் விளக்குகளில் பெரும்பாலானவை இன்னமும் நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் நம்பியே எரிகின்றன. பேராவின் மஞ்சோங், சிலாங்கூரின் காப்பார், ஜொகூரின் தஞ்சோங் பின் போன்ற கடலோர ஊர்களில் பெரிய அனல்மின் நிலையங்கள் உள்ளன. அவற்றுக்கு வேண்டிய நிலக்கரி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அதை எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, ஆவியின் வேகத்தால் சுழலியைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். செம்பனை ஆலையில் கொதிகலன் வேலை செய்பவர்களுக்கு இந்த முறை புதிதன்று. நம் ஆலையில் நாரும் ஓடும் எரிகின்றன, அங்கே கரி எரிகிறது, அவ்வளவே.

கரி எரியும்போது கரியமில வாயு வெளியாகிறது. அது வானத்தில் போர்வைபோல் பரவி, பூமியின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாக உலகம் எரித்த கரியும் எண்ணெயும் சேர்ந்து அந்தப் போர்வையைத் தடிப்பாக்கிவிட்டன. வெயில் கூடுகிறது, பெய்யும் மழை ஒரேயடியாகக் கொட்டுகிறது. நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் மழை கொட்டினால் பால்மர வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளத்தில் துண்டு விழும். செம்பனைக் காட்டில் நண்பகல் வெயிலில் குலை அறுப்பவருக்குக் கூடுகின்ற ஒவ்வொரு பாகை வெப்பமும் உடம்பில் தெரியும்.

ஆகவே புகை விடாத வழிகளில் மின்சாரம் எடுக்க வேண்டும் என்று நாடுகள் முடிவு செய்திருக்கின்றன. 2050ஆம் ஆண்டுக்குள், வெளியேற்றும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாக வேண்டும் என்பதை மலேசியா, சிங்கப்பூர் இரண்டுமே இலக்காக வைத்துள்ளன. மலேசியா 2023ஆம் ஆண்டில் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தை வெளியிட்டது. 2050க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு, வெயில், தண்ணீர் முதலிய புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்கிறது அத்திட்டம்.

இனி இரண்டு வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சிங்கப்பூர் வசதியான வீடு; ஆனால் கொல்லைப்புறம் இல்லாத வீடு. அதன் பரப்பு ஏறத்தாழ 735 சதுரக் கிலோமீட்டர்தான். அணை கட்டுவதற்கு மலையிலிருந்து இறங்கும் ஆறு கிடையாது. காற்றாலை சுழலும் அளவுக்குக் காற்றில் வேகம் கிடையாது. வெயில் நிறைய உண்டு. அதைப் பிடிக்க இடமில்லை. இருக்கிற கூரைகளிலெல்லாம் சூரியத் தகடுகளை வைத்துப் பார்த்தார்கள். 2021ஆம் ஆண்டில் தெங்கே நீர்த்தேக்கத்தின் தண்ணீர்மேல் 60 மெகாவாட் திறனுள்ள தகடுகளை மிதக்கவிட்டார்கள். அப்படியும் அந்த நாட்டு மின்சாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

மலேசியா கொல்லைப்புறம் உள்ள வீடு. பேராற்றில் செண்டெரோ அணை 1930ஆம் ஆண்டிலேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. கேமரன் மலையின் தண்ணீர் மின்சாரமாகிறது. திரங்கானுவில் கென்யிர் ஏரி இருக்கிறது. வெயில் விழும் சமவெளி வடக்கே கெடாவிலிருந்து தெற்கே ஜொகூர் வரை கிடக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம் மின்சாரமாக்கப் பெரும் முதல் வேண்டும். போட்ட முதல் திரும்பிவர, நல்ல விலை கொடுத்து வாங்கும் கை வேண்டும்.

ஒரு வீட்டில் இடம், மறு வீட்டில் தேவையும் பணமும். நடுவில் ஒரு கிலோமீட்டர் அகலத் தண்ணீர். 1924இல் திறந்த பாலத்தின்மீது தினமும் அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரியும்.

இரு நாட்டு மின்கம்பிகளும் 1980களின் நடுவிலேயே இணைக்கப்பட்டுவிட்டன. ஜொகூரின் பிளெந்தோங்கிலிருந்து சிங்கப்பூரின் வடகரைக்கு, நீரிணையின் அடியில் கம்பிவடங்கள் செல்கின்றன. அவற்றில் ஓடும் அழுத்தம் 2,30,000 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் உள்ளதைப்போல ஆயிரம் மடங்கு. இவ்வளவு அழுத்தம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரே அளவு மின்சக்தியை உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பினால், கம்பியில் ஓடும் மின்னோட்டம் குறைகிறது. மின்னோட்டம் குறைந்தால் கம்பி சூடாவது குறைகிறது. வழியில் வீணாவதும் குறைகிறது. அதனால்தான் நெடுந்தூரம் செல்லும் மின்சாரம் உயரமான இரும்புக் கோபுரங்களில் ஏறிச் செல்கிறது.

இப்படி இரண்டு நாடுகளை இணைத்தால் என்ன ஆகும்? மூங்கிலில் பெரிய டிரம்மைக் கட்டி இருவர் தோளில் தூக்கிச் செல்வதை எண்ணிப் பாருங்கள். இருவரும் ஒரே அடி போட வேண்டும். ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் நடந்தால் டிரம் கவிழ்ந்துவிடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக முழுச் சுற்று அலைகிறது. இரு நாட்டுப் பொறிகளும் ஒரே தாளத்தில் அந்த 50ஐப் பிடித்தாக வேண்டும். பிடித்துவிட்டால், ஒரு பக்கத்தில் திடீரென ஒரு நிலையம் நின்றுபோனாலும் மறுபக்கம் தோள் கொடுக்கும். 1992இலும் 1996இலும் தீபகற்பம் இருளில் மூழ்கிய நாள்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சார அமைப்பு எவ்வளவு பெரிதானாலும் விழக்கூடியது. விழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

நெடுங்காலம் அந்தக் கம்பிவடம் இந்த ஒரு வேலைக்குத்தான் பயன்பட்டது. ஆபத்துக்கு வாங்குவது, பிறகு அதே அளவைத் திருப்பிக் கொடுப்பது. லயத்தில் ஒரு கிண்ணம் சீனி கைமாற்று வாங்கி, சம்பளத்தன்று ஒரு கிண்ணம் சீனியாகவே திருப்பித் தருவோமே, அதுபோல. விற்பனை என்ற பேச்சு இல்லை.

அண்மைக் காலத்தில்தான் நிலைமை மாறியது. 2022ஆம் ஆண்டில் அந்த இணைப்பு புதுப்பிக்கப்பட்டு, அதன் திறன் ஏறத்தாழ 1000 மெகாவாட்டாக உயர்ந்தது. ஒரு மெகாவாட் என்பது சுமார் 500 மின்சாரக் கேத்தல்கள் ஒரே நேரத்தில் கொதிப்பதற்கு வேண்டிய சக்தி. அப்படியானால் ஆயிரம் மெகாவாட்டுக்கு ஐந்து இலட்சம் கேத்தல்.

அதே 2022 ஜூன் மாதத்தில் மற்றொரு செய்தி. லாவோஸ் நாட்டு நீர்மின்சாரம், 100 மெகாவாட் வரை, தாய்லாந்தையும் மலேசியாவையும் கடந்து சிங்கப்பூருக்குச் செல்லத் தொடங்கியது. தாய்லாந்து எல்லைக்கும் கெடாவின் குரூணுக்கும் இடையே ஏற்கெனவே ஓர் இணைப்பு இருந்தது. அதன் வழியாக நுழையும் மின்சாரத்துக்கு நம் நாட்டுக் கம்பிகளே பாதையாயின. பாதை கொடுத்ததற்குக் கட்டணமும் உண்டு. நான்கு நாடுகள் ஒரு கம்பியில் கைகோத்தது தென்கிழக்காசியாவில் அதுவே முதன்முறை.

ஆனால் நம் சொந்த மின்சாரத்தை விற்பதில் மலேசியா அவசரப்படவில்லை. 2021ஆம் ஆண்டில், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்று தடை விதித்தது. நம் வீட்டுப் பானையில் சோறு இருக்கிறதா என்று பார்க்காமல் பந்தி விரிக்கலாமா என்பதே அதன் கருத்து. 2023 மே மாதத்தில் அந்தத் தடை நீங்கியது. அடுத்த ஆண்டு, அதாவது 2024 ஏப்ரலில், எல்லை கடந்த விற்பனைக்கென்றே மலேசிய எரிசக்திச் சந்தை அமைக்கப்பட்டது. வாங்க விரும்புவோர் விலை கூறி ஏலம் கேட்க வேண்டும். அந்த ஏலத்தின்வழி முதலாவதாக 50 மெகாவாட் மின்சாரம் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு 2024 முடிவதற்குள் ஏற்பாடாயிற்று. 2025 ஜனவரியில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டார ஒப்பந்தத்திலும் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு இடமுண்டு.

50 மெகாவாட் பெரிய தொகையா? சிங்கப்பூரின் உச்ச நேரத் தேவை ஏறத்தாழ 8000 மெகாவாட். அதன் எதிரில் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் 2035ஆம் ஆண்டுக்குள் பல அண்டை நாடுகளிலிருந்து மொத்தம் 6000 மெகாவாட் வரை தூய மின்சாரம் வாங்க வேண்டும் என்று சிங்கப்பூர் 2024இல் தன் இலக்கை உயர்த்தியிருக்கிறது. ஆகவே இன்று ஒற்றையடிப் பாதையாக இருப்பது நாளை பெருஞ்சாலை ஆகக்கூடும். பாதை சிறிதாக இருக்கும்போதே அதன் நெறிமுறைகளைச் சரியாக வகுத்துக்கொள்வது அறிவுடைமை.

இந்த இடத்தில் கேட்பவர்களுக்கு ஓர் ஐயம் எழும். கெடாவில் வெயிலில் எடுத்த மின்சாரமும் மஞ்சோங்கில் கரியில் எடுத்த மின்சாரமும் ஒரே கம்பியில்தானே ஓடுகின்றன? சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது வெயில் மின்சாரம்தான் என்று எப்படிச் சொல்வது?

நல்ல கேள்வி. விடை நம் பால் கொட்டகையிலேயே இருக்கிறது. நிரையில் வெட்டி எடுத்த பாலை ஆளுக்கு ஆள் வாளியில் கொண்டுவருகிறோம். கிராணி ஒவ்வொருவர் பாலையும் நிறுக்கிறார். தண்ணீர் எவ்வளவு, இரப்பர்ச் சத்து எவ்வளவு என்று பார்க்கிறார். புத்தகத்தில் பெயருக்கு நேரே எழுதுகிறார். அதன் பிறகு எல்லாப் பாலும் ஒரே தொட்டியில் விழுகிறது. தொட்டியில் கைவிட்டு, இது முனியம்மாள் வெட்டிய பால், இது மாரிமுத்து வெட்டிய பால் என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் புத்தகத்தில் பிரிந்திருக்கிறது. சம்பளம் தொட்டியைப் பார்த்துப் போடுவதில்லை; புத்தகத்தைப் பார்த்துப் போடுகிறார்கள்.

மின்சாரமும் அப்படித்தான். சூரிய மின்பண்ணையிலோ அணையிலோ உற்பத்தியாகும் ஒவ்வோர் அலகும் அளவுக்கருவியில் பதிவாகிறது. அதற்கு ஒரு சான்றிதழ் எழுதப்படுகிறது. சிங்கப்பூர் வாங்குவது அந்தச் சான்றிதழோடு கூடிய மின்சாரத்தை.

ஆகவே எல்லாம் புத்தகத்தின் நேர்மையில் இருக்கிறது. தோட்ட மக்களுக்கு இதன் முக்கியத்துவம் நன்றாகவே தெரியும். தராசு பொய் சொன்ன காலத்தையும், தண்ணீர்க் கழிவு என்று சொல்லிக் கூலியைக் குறைத்த காலத்தையும் நம் தாத்தா பாட்டிமார் கண்டிருக்கிறார்கள். ஒரே வாளிப் பாலை இரண்டு பேர் பெயரில் எழுதினால் தோட்டம் என்னாகும்? ஒரே அலகு தூய மின்சாரத்தை, "நாங்கள் உற்பத்தி செய்தோம்" என்று ஒரு நாடும், "நாங்கள் பயன்படுத்தினோம்" என்று மறு நாடும் தத்தம் கணக்கில் எழுதிக்கொண்டால், காகிதத்தில் புகை குறையும், வானத்தில் குறையாது. இன்னொன்றும் உண்டு. இருக்கிற தூய மின்சாரத்தை விற்றுவிட்டு, அந்தக் குறையை நம் வீட்டில் கரியை எரித்து நிரப்பினால் யாருக்கும் இலாபமில்லை. விற்பதற்கென்று புதிய பண்ணைகள் எழுந்தால்தான் அது உண்மையான மாற்றம்.

அடுத்தது விலை. அதற்கும் நம் வீட்டிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஜொகூர் ஆற்றுத் தண்ணீர் குறித்து 1962இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2061ஆம் ஆண்டு வரை நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் தண்ணீரைச் சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென் விலை. சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலன் 50 சென்னுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 25 ஆண்டுகளுக்குப் பின் விலையை மறுபரிசீலனை செய்யலாம் என்ற விதியும் இருந்தது. 1987இல் அந்த மறுபரிசீலனை நடைபெறவில்லை. அந்த உரிமை இன்னும் உண்டு என்பது மலேசியாவின் நிலை. அந்தக் காலம் கடந்துவிட்டது என்பது சிங்கப்பூரின் நிலை. சுத்திகரிக்க ஆகும் செலவு 50 சென்னைவிட அதிகம் என்பதும் சிங்கப்பூர் எடுத்துச் சொல்லும் வாதம்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இத்தனை வாக்குவாதத்தினாலும் தண்ணீர் நிறுத்தப்படவில்லை. எழுதிய சொல்லை இரு நாடுகளும் காப்பாற்றின. மற்றொன்று, ஒரு காலத்துக்கு நியாயமாகத் தோன்றிய விலை, காலம் மாறியதும் மனக்கசப்புக்கு வித்தாகிவிட்டது. மின்சாரத்துக்கு ஒப்பந்தம் எழுதும்போது, விலையை எப்போது, எப்படி, யார் திருத்துவது என்பதையும் தெளிவாக எழுதிவிட்டால் பேரப்பிள்ளைகள் சண்டையிட வேண்டியிருக்காது.

மூன்றாவதாக, நிலம். இதுதான் நம் வாசலுக்கு வரும் செய்தி.

சூரிய மின்பண்ணையில் ஒரு மெகாவாட் திறனுக்குச் சுமார் மூன்று நான்கு ஏக்கர் நிலம் வேண்டும். 50 மெகாவாட்டுக்கு 150 முதல் 200 ஏக்கர். அதாவது ஒரு சிறிய தோட்டத்தின் ஒரு தீம்பார் அளவு. மேடுபள்ளம் அதிகமில்லாத, சாலை வசதியுள்ள, மின்கோபுரத்துக்கு அருகில் உள்ள நிலம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் தோட்டங்களில். பழைய செம்பனையை அழித்து மறுநடவு செய்வதற்குப் பதிலாக, நிலத்தைச் சூரியத் தகடுகளுக்குக் கொடுக்கும் திட்டங்களைத் தோட்ட நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன.

இங்கே நாம் எமது சொந்த நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் இறுதியில் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் நாம் சிறுவராக இருந்தோம். லயத்துக்கு மாலை ஆறரை மணிக்கு ஜெனரேட்டர் விளக்கு வரும். இரவு பத்து மணிக்கு மூன்று முறை மினுக்கிவிட்டு அணையும். அதன்பின் படிப்பது மண்ணெண்ணெய் விளக்கில். ஆனால் எங்கள் தீம்பாரின் குறுக்கே, பால்மரங்களுக்கு மேலே, உயர்ந்த கோபுரங்களில் மின்கம்பிகள் சென்றன. மழைக்காலத்தில் அவை தேனீக் கூட்டம்போல் ரீங்காரமிடும். "இந்தக் கரண்டு எங்கேப்பா போகுது?" என்று ஒரு நாள் கேட்டோம். "டவுனுக்கு" என்றார் அப்பா. "நம்ம வீட்டுக்கு ஏன் இறங்கல?" என்றோம். அப்பா பால்வாளியைக் கீழே வைத்து அண்ணாந்து பார்த்தார். பதில் சொல்லவில்லை.

பிற்காலத்தில் அந்த லயத்துக்கும் மின்சாரம் வந்தது. 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம், தோட்ட வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்வதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அண்ணாந்து பார்த்த அந்த முகம் எமக்கு மறக்கவில்லை. நம் தலைக்கு மேலே செல்லும் செல்வத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டா என்ற கேள்வி அது.

அந்தக் கேள்வியை இன்று முன்கூட்டியே கேட்க வேண்டும். தோட்டம் சூரியப் பண்ணையாக மாறினால், நூறு குடும்பங்கள் செய்த வேலை இருக்காது. தகடுகளைப் பொருத்தும் காலத்தில் நிறையக் கைகள் வேண்டும்; பொருத்தி முடிந்தபின் புல் வெட்டவும், தகடு துடைக்கவும், கருவிகளைப் பார்த்துக்கொள்ளவும் சிலரே போதும். அப்படியானால் அங்கே வாழ்ந்தவர்கள் எங்கே போவார்கள்? வீட்டுக்கு என்ன ஏற்பாடு? பள்ளிக்கும் கோயிலுக்கும் இடம் எங்கே? தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்தில் இந்தக் கேள்விகளைப் பல இடங்களில் மண்வாரி வந்து நின்றபின்தான் கேட்டோம். அதே தவற்றைத் தூய மின்சாரத்தின் பெயரால் மீண்டும் செய்துவிடக் கூடாது. புகை விடாத மின்சாரம் நல்லது. ஆனால் அது ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்டு வந்ததென்றால் அதைத் தூய்மையானது என்று முழுமனத்தோடு சொல்ல நமக்கு நா எழாது.

இதைக் கேட்டு யாரும் மனம் சோர வேண்டாம். வருகின்ற மாற்றத்தில் நமக்கு இடமும் இருக்கிறது. அதை நாம் தேடிக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட செம்பனை ஆலைகள் உள்ளன. ஒரு டன் குலையை ஆட்டினால் அரை டன்னுக்கும் மேல் கழிவுநீர் வருகிறது. ஆலைக்குப் பின்னால் உள்ள குளங்களில் அது கொப்புளித்துக் கிடப்பதையும், அதன் நாற்றத்தையும் நாம் அறிவோம். அந்தக் கொப்புளம் மீத்தேன் வாயு. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் இருபத்தெட்டு மடங்கு வலியது. அதே வாயுவை மூடிய தொட்டியில் பிடித்துப் பொறியில் எரித்தால் மின்சாரம் கிடைக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகளில் இந்த வாயுவைப் பிடிப்பது நடைமுறைக்கு வந்துவிட்டது. வெயில் மின்சாரம் மாலையில் நின்றுவிடும். சாணவாயுவைப் போன்ற இந்த வாயு இரவிலும் எரியும். குலை சுமந்த நம் கைகளுக்கு இந்த மின்சாரத்திலும் உறவு உண்டு என்று பெருமையாகச் சொல்லலாம்.

பெற்றோர்களே, மின்சார வேலைக்குத் தகுதிச் சான்று முக்கியம். எரிசக்தி ஆணையம் வழங்கும் வயர்மேன் சான்றும் சார்ஜ்மேன் சான்றும் உள்ளவர் இல்லாமல் எந்தப் பண்ணையும் ஓடாது. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு நீரிணையைத் தாண்டிப் போகும் பிள்ளைகளுக்கு, போவதற்கு முன் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு போகச் சொல்லுங்கள். இக்கரையிலும் அக்கரையிலும் அந்தச் சான்றுக்கு மதிப்புக் கூடிக்கொண்டே போகிறது. கம்பி வேலையில் பெண்பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்காதீர்கள். விடியலில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்த தாய்மாரின் பிள்ளைகள் அவர்கள்.

தோட்டத்து நிலம் கைமாறப் போகிறது என்று காதில் விழுந்தால், ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். தொழிற்சங்கத்தின் வழியாக, ஒன்றாகச் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். புதிய வேலையில் எத்தனை பேருக்கு இடம், பயிற்சி யார் தருவது, வீடு எப்போது, எங்கே என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்குங்கள். ஒரு கிண்ணம் சீனிக்குக் கணக்கு வைத்த நாம் இதற்கும் கணக்கு வைக்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் தோட்டத்தருகே மின்கோபுரம் இருந்தால், பாதுகாப்பான தூரத்தில் நின்று, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நிலப்படத்தை விரித்துவைத்து, அந்தத் திசையில் எந்த ஊர், எந்த ஆறு, எந்த அணை என்று கண்டுபிடியுங்கள். வீட்டு மின்கட்டணச் சீட்டை அப்பாவிடம் கேட்டு வாங்கி, இந்த மாதம் எத்தனை அலகு என்று எழுதுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

தணல் கேட்டு வந்த அக்காவுக்குக் கதவைத் திறந்தவர்கள் நாம். கொடுத்து வாழ்வது நம் இரத்தத்தில் ஊறியது. நாடுகளும் அப்படியே வாழட்டும். கொடுப்பவர் வீட்டிலும் வாங்குபவர் வீட்டிலும் விளக்கு எரியட்டும். அந்தக் கம்பி செல்லும் வழியில், கோபுரத்தின் அடியில் குடியிருப்பவர் வீட்டிலும் அதே விளக்கு எரிய வேண்டும். அப்போது எந்தத் தகப்பனும் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் தெரியாமல் அண்ணாந்து நிற்க வேண்டியிருக்காது.